சூனியக்காரி மக்: 1489-ஆம் ஆண்டுப் படத்தைப் பீங்கானில் ஏற்றுவது எப்படி?

சூனியக்காரி படம் போட்ட மக் வேண்டுமென்று தேடினால் கூர்த்தொப்பி, துடைப்பக்கட்டை, வளைந்த மூக்கு என்று ஹாலோவீன் சரக்குதான் வந்து விழும். ஐரோப்பாவின் பழைய அச்சுப் படங்கள் இதைவிட விசித்திரமானவை. ஒரே ஒரு மக் என்றாலும் நாமே செய்துகொள்ளலாம்.

படம் எடுப்பது

பாதி வேலை இதில்தான். ஆரம்பத்திலேயே ஸ்பானிய ஓவியர் கோயாவின் சூனியக்காரிகள் பக்கம் போகாதீர்கள். 1799-இல் வந்த அவருடைய ‘காப்ரிச்சோஸ்’ படங்கள் அருமையானவை. ஆனால் அவற்றின் சாம்பல் நிழல்கள் மக்கில் அழுக்குத் திட்டாகத் தெரியும். தடித்த கோடுள்ள மரச்செதுக்குப் படமே வசதி.

என் தேர்வு, உல்ரிச் மோலிட்டர் என்ற சட்ட அறிஞர் 1489-இல் லத்தீனில் வெளியிட்ட நூலில் இருப்பது. இரண்டு பெண்கள், நடுவே தீச்சுவாலையோடு ஒரு பானை. ஒருத்தி கையில் சேவல், இன்னொருத்தி கையில் பாம்பு, இரண்டும் பானைக்குள் போகப் போகின்றன. மேலே ஆலங்கட்டி மழை. இருவருமே சாதாரண வீட்டுப் பெண்களின் உடையில்தான் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சூனியத்தால் மழையை வரவழைக்க முடியாது, அதெல்லாம் சாத்தான் காட்டும் மாயை என்றுதான் மோலிட்டர் வாதிட்டார். அவர் புத்தகத்துப் படமோ மழையைக் கொட்டவே வைத்துவிட்டது!

நூல் பல பதிப்புகள் கண்டதால் படமும் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டது. கோடு தெளிவாக உள்ள பிரதியை எடுங்கள். படம் பழசு என்பதால் பதிப்புரிமை இல்லை. ஆனாலும் ஸ்கேனை வெளியிட்ட நூலகம் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உயரம் 1000 பிக்சலுக்குக் குறைந்தால் வேண்டாம்.

பழுப்பை நீக்குவது

மக்கில் படம் ஏற்ற நாம் பயன்படுத்துவது சப்ளிமேஷன், அதாவது தாளில் அச்சிட்ட மையைச் சூட்டால் ஆவியாக்கி மக்கில் ஏற்றும் முறை. இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது மக்கின் சொந்த நிறம். ஸ்கேனை அப்படியே அச்சிட்டால் பழைய தாளின் பழுப்பு, மக்கில் ஒரு மஞ்சள் கட்டமாக ஒட்டிக்கொள்ளும். இலவச மென்பொருளான ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டை (படத்தை வெறும் கருப்பு வெள்ளையாக்கும் வசதி) நகர்த்துங்கள். பாம்பின் உடல்கோடு அறுபடத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் புள்ளிகளை வெள்ளை பிரஷ்ஷால் அழியுங்கள்.

பக்கம் அமைப்பது

சாதாரண 11 அவுன்ஸ் மக்குக்கு 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் போதும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது சுமார் 2362 x 1063 பிக்சல். வலக்கையால் பிடித்துக் குடிப்பவருக்குத் தெரிவது வலது பாதி; எதிரே இருப்பவருக்கு இடது பாதி. யாருக்குப் படம் தெரிய வேண்டும் என்பது உங்கள் இஷ்டம்.

அச்சும் சூடும்

சப்ளிமேஷன் மையில், அதற்கான தாளில், மிரர் செய்து (கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பி) அச்சிடுங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தால் மிரர் செய்யாமல் கொடுங்கள். அவர்களே செய்வார்கள், இரண்டு முறை திருப்பினால் மக்கில் படம் இடவலம் மாறிவிடும். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து இதைச் சரிபார்ப்பது வழக்கம். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1500 வாக்கில் செதுக்கிய, ஆட்டின் மேல் பின்னோக்கி உட்கார்ந்து போகும் சூனியக்காரியிடம் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. அதில் அவருடைய கையொப்பத்தின் ‘டி’ எழுத்தே திரும்பித்தான் இருக்கிறது.

மக் சப்ளிமேஷன் கோட்டிங் உள்ளதாக இருக்க வேண்டும். சமையலறை மக்கில் மை பிடிக்காது. பஞ்சு நார் விடாத துணியால் துடையுங்கள், ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் புள்ளி விழும். தாளை இறுக்கிச் சுற்றி ஹீட் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒட்டி, மக் பிரஸ்ஸில் (மக்கைச் சூடாக்கி அழுத்தும் கருவி) 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுமார் 3 நிமிடம். கருப்பு வெளிறினால் சூடு போதவில்லை, பழுப்படித்தால் அதிகம். எடுத்ததும் கையுறை போட்டு ஒரே இழுப்பில் தாளை உரியுங்கள். தாள் நகர்ந்தால் கோடு இரட்டிக்கும். பச்சைத் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விடலாம். மரப்பலகை மேல் தானாக ஆறட்டும்.

கழுவும்போது கம்பி நார் வேண்டாம், ஸ்பாஞ்ச் போதும்.