பவளத் தொட்டியைக் கைவிடாமல் இருக்க, தண்ணீர் ஊற்றும் முன் செய்ய வேண்டியவை

கடல்மீனும் பவளமும் வளர்த்த தொட்டியைப் பாதியில் விற்றுவிடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் 'நேரம் இல்லை' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மே மாத வெயில், மின்கட்டணம், ஞாயிறுதோறும் சுமந்த தண்ணீர்க் குடங்கள், ஊரிலிருந்து திரும்பிய இரவில் கண்ட செத்த மீன் எல்லாம் அடங்கியிருக்கின்றன. சென்னையில் ஏழு ஆண்டுகளாக மூன்றடித் தொட்டி ஒன்றை வைத்திருக்கும் நானும் இரண்டாம் ஆண்டில் அதை விற்றுவிட முடிவு செய்து, படங்கூட எடுத்துவிட்டேன். அப்போது உட்கார்ந்து யோசித்ததில், என்னைச் சோர்வடையச் செய்தவை எல்லாம் தொட்டி வாங்கிய நாளிலேயே கணக்கிட்டிருக்கக் கூடியவை என்று புரிந்தது. ஆகவே கொளத்தூர் அலங்கார மீன் சந்தைக்குக் கிளம்பும் முன், ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். வாரம் பத்து சதவீதத் தண்ணீரை மாற்றினால் 19 லிட்டர். லிட்டருக்கு 36 கிராம் வீதம் வாரத்துக்குச் சுமார் 700 கிராம் கடல் உப்புக் கலவை தேவைப்படும், அதாவது 20 கிலோ மூட்டை ஆறு மாதத்துக்குச் சற்று மேல் வரும். இது போக, நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 40 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அதைத் தயாரிக்க ஆர்.ஓ. கருவி மூன்று மடங்கு தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்பில், வாளிகளில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினாலொழிய, அந்தக் கழிவு நீரே வீட்டில் சண்டையைக் கிளப்பும். கல், மணல், கண்ணாடி சேர்ந்து மொத்த எடை 300 கிலோவை நெருங்குவதால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் வீடு மாறும் நாளையும் இப்போதே நினைத்துப் பார்க்க வேண்டும். அத்தகையவர்களுக்கு இரண்டடித் தொட்டியே போதும் என்பது என் கருத்து. அதைவிடச் சிறியதில் உப்பும் வெப்பமும் வேகமாக ஏறி இறங்குவதால், புதியவருக்கு அது எளிதாக இருக்காது.

அடுத்தது மின்சாரம். நீரேற்றும் மோட்டார், அலை உண்டாக்கும் மோட்டார், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஆகிய மூன்றும் சேர்ந்து 60 வாட் என்று கொண்டால், நாள் முழுவதும் ஓடுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஆகும். 120 வாட் விளக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். தண்ணீரைக் குளிர்விக்கும் 250 வாட் சில்லர் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட். நாளுக்கு ஐந்து, இரண்டு மாத ரசீதில் 300 யூனிட் கூடும். வீட்டில் ஏ.சி.யும் இருந்தால் 500 யூனிட் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. முதல் கோடை ரசீதைப் பார்த்துவிட்டு சில்லர் கருவியை நிறுத்தி வைப்பவர்கள் பலர், பவளம் வெளுக்கத் தொடங்குவது அந்த வாரத்தில்தான்.

பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவில் பெரும்பங்கையும் தருகின்றன. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருப்பது நல்லது. 30 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் பெருமளவில் வெளுத்ததற்கும் கடல்நீர் சூடானதே காரணம். தண்ணீரின் மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்றாலும், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் சென்னையில் அதை மட்டும் நம்ப முடியாது. பணம் அளவாக இருந்தால் விலையுயர்ந்த விளக்கைத் தள்ளிப்போட்டு, முதலில் சில்லர் கருவியை வாங்குங்கள்.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும். முழுத் தொட்டியையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். 20 வாட் அலை மோட்டாரை மட்டும் இணைத்தால், வீட்டில் வழக்கமாக இருக்கும் 150 ஏ.எச். பேட்டரி அதை ஏறத்தாழ இரண்டு நாள் ஓட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, என் தொட்டி பிழைத்தது இந்த ஒரு இணைப்பால்தான்.

தண்ணீரின் தூய்மையில் சிக்கனம் பார்ப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பாசியோடு போராடி ஓய்ந்துவிடுகிறார்கள். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் நமக்குக் குடிக்க நல்லவைதாம். ஆனால் அவற்றில் எஞ்சியிருக்கும் உப்புகள் வாரந்தோறும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ.வுக்குப் பின், எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டும் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி, மிக அதிகமானோர் மனம் உடைந்து போகும் கட்டத்துக்கு வருகிறேன். தொட்டி வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறும். அது முடிந்து மீன் விட்ட பிறகு, வெள்ளை மணல் மீது துருப்பொடி தூவியது போலப் பழுப்புப் படலம் படியும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி, புதிய கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் தானாகக் குறையும். பின்னர் கல்லெல்லாம் பச்சை முடி முளைக்கும், சில தொட்டிகளில் செந்நிறப் படலம் விரிப்புப் போலப் படரும். ஏறத்தாழ எல்லாத் தொட்டிகளும் இந்த மாதங்களைக் கடந்துதான் வருகின்றன. இது தெரியாதவர், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, கடைக்காரர் தரும் பாசிக்கொல்லி மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுகிறார். பாசிக்கு உணவாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாகும் வரை வடிகட்டுகிறார். சுழியமான தண்ணீரில்தான் டைனோஃபிளஜெல்லேட் என்னும், குமிழிகளைச் சுமந்த பழுப்புக் கோழை தலையெடுக்கிறது; அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. லிட்டருக்கு நைட்ரேட் 5 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் அளவில் சற்றேனும் இருக்க விடுங்கள். விளக்கு நேரத்தை ஏழு மணி நேரமாகக் குறைத்து, பாசி தின்னும் நத்தைகளைச் சேர்த்து, முடிந்த மட்டும் கையால் பிடுங்கி எடுத்து, நான்கு மாதம் பொறுத்திருங்கள். எனக்கு ஐந்தரை மாதம் ஆயிற்று.

எந்தப் பவளத்தை வைப்பது என்பதில் சட்டமும் வசதியும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பாறை கட்டும் கல்பவளங்கள், கடல்விசிறிகள், கருப்புப் பவளங்கள் ஆகிய அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுக்கப்பட்ட கல்பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். மேலும் கல்பவளம் எலும்பு கட்டுவதற்காக நாள்தோறும் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சுவதால், அளந்து அளந்து ஊற்றும் வேலையே ஒருவரைச் சோர்வடையச் செய்துவிடும். தோல்பவளம், காளான்பவளம் முதலிய மென்பவளங்களுக்கு வாராந்தர நீர்மாற்றமே ஏறக்குறையப் போதும். அவற்றையும் வளர்ப்பில் பெருக்கியவையா என்று கேட்டு வாங்குங்கள். மீனிலும் அப்படியே: க்ளவுன் மீனை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது, அவ்வாறு பிறந்தவை தொட்டிக்கு விரைவில் பழகுகின்றன.

தோல்பவளம் வாங்குபவர் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நேற்று வரை குடைபோல விரிந்து, சின்னஞ்சிறு மொட்டுகளை அசைத்துக்கொண்டிருந்தது, திடீரென்று சுருங்கி, மெழுகு பூசியது போலப் பளபளத்து, ஒரு வாரம் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்தெறிந்தவர்களை நான் அறிவேன். மேற்பரப்பில் படிந்த அழுக்கையும் பாசியையும் அகற்ற அது தன் தோலை உரிக்கிறது. அலை மோட்டாரைச் சற்று அதன் பக்கம் திருப்பி வைத்தால், மெல்லிய படலம் கிழிந்து பறந்துபோக, அடியிலிருந்து புதிய நிறத்தோடு மீண்டும் விரியும்.

வெளியூர்ப் பயணத்துக்கான ஏற்பாட்டைத் தொட்டியோடு சேர்த்தே வாங்குங்கள். நான் விற்க முடிவு செய்தது மதுரையில் ஒரு திருமணத்துக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தபோதுதான். பக்கத்து வீட்டு அக்கா வேளை தவறாமல் மீனுக்கு உணவு போட்டிருந்தார். ஆவியான தண்ணீரை ஈடுசெய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு அப்படியே தங்கியதில், ஆயிரத்தில் 35 பங்காக இருந்த உப்பளவு 38 ஆகியிருந்தது, நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. மட்டம் குறைந்ததும் நன்னீரைத் தானாக விடும் கருவியும், ஒரு வாரத்துக்குத் தாங்கும் நன்னீர்ப் பீப்பாயும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் மாதம் ஒருமுறை உப்பளவு 35 என்று உறுதியாகத் தெரிந்த திரவத்தால் சரிபாருங்கள்.

நோயைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாமல், தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், அதற்கான தாமிர மருந்து நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால் அங்கே ஊற்ற முடியாது. எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, தொட்டியைப் பத்து பதினொரு வாரம் மீனின்றி விட நேரும்.

இத்தனை செய்தும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அதில் வெட்கப்பட ஏதுமில்லை; முறையாக நிறுத்துங்கள். முதலில் பவளங்களையும் பிறகு மீன்களையும் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே மோட்டாரை அணையுங்கள். எதையும் கடலில் விடாதீர்கள். சாகுபடிக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்து அவற்றை மூச்சுமுட்டச் செய்ததை மன்னார் வளைகுடா ஏற்கெனவே கண்டிருக்கிறது. தொட்டியில் இருந்த கற்களை ஒருபோதும் வெந்நீரில் கொதிக்க வைக்கவோ, உலர்ந்த பின் தேய்க்கவோ கூடாது: சில பொத்தான் பவளங்களில் உள்ள பாலிடாக்ஸின் என்னும் கடும் நஞ்சு நீராவியோடும் தூசியோடும் மூச்சில் கலந்து, வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஈரமாக இருக்கும்போதே அவற்றை மூடியுள்ள வாளியில் எடுத்து வையுங்கள். மீனை ஒப்படைக்கும் பையின் மீது, உங்கள் தொட்டியின் உப்பளவையும் வெப்பத்தையும், அந்த மீன் விரும்பித் தின்னும் உணவையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.