வாட்ஸ்ஆப் வீடியோ எங்கே, எப்போது எடுத்தது? கண்டுபிடிக்கும் வழி

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று சில வீடியோக்கள் பரவின. காட்சிகள் நிஜம், சேர்த்திருந்த வரிகள்தான் பொய். அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கியபடி, ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று கோவை உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அதற்குள் பிழைக்க வந்தவர்கள் பலர் பயந்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்: எந்த வீடியோ வந்தாலும் இடத்தையும் தேதியையும் தேடுங்கள்.

1. மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரும் பார்த்தவர் இல்லை.

2. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அடிதடி நடக்கும் இடத்தில் நிறுத்தினால் படம் கலங்கியிருக்கும், ஒன்றும் சிக்காது. கேமரா அசையாத நொடியில் நிறுத்துங்கள். கடைப்பலகை, பஸ், கட்டடம், வண்டி நம்பர் தெரிய வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதே பொய்யைப் பரப்பிய பதிவுகளையே காட்டும். வேறு வேறு இடங்களில் நிறுத்தி நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எடுத்த படத்தை வைத்துத் தேட, முதலில் கூகுள் லென்ஸ். நம்மூர் வீடியோக்களுக்கு அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் 'இதே போன்ற' படங்களையும் கலந்து கொட்டும். ஒவ்வொன்றையும் திறந்து தேதி பாருங்கள். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். 'நேற்று நடந்தது' என்று வந்த காட்சி போன வருடப் பதிவில் இருந்தால் வேலை முடிந்தது.

4. படம் சிக்கவில்லையா? வண்டி நம்பரைப் பாருங்கள். ஆர்ஜே என்றால் ராஜஸ்தான், டிஎஸ் என்றால் தெலங்கானா (2024 முதல் அங்கே புது வண்டிகளுக்கு டிஜி). வெளியூர் வண்டி எங்கும் ஓடும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பலகையின் மொழியும் பேச்சும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயரோடு சம்பவத்தைத் தமிழிலும் இந்தியிலும் தேடுங்கள். வதந்திகளைச் சரிபார்க்கும் யூடர்ன் தளத்தில் ஏற்கெனவே சரிபார்த்திருக்கவும் கூடும்.

எதுவும் கிடைக்காவிட்டால் உண்மை என்று ஆகிவிடாது. அனுப்பாமல் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: குரல் பதிவுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் படத்தேடல் உதவாது. அதில் வரும் ஊர், மருத்துவமனை, காவல் நிலையப் பெயரைக் குறித்துக்கொண்டு செய்தித் தேடலில் போடுங்கள். பெயரே இல்லாமல் 'எனக்குத் தெரிந்த டாக்டர் சொன்னார்' என்று தொடங்கினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். பொய் என்று உறுதியானால், சரியான செய்தியின் இணைப்பை அதே குழுவில் போடுங்கள். அனுப்பிய பெரியவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம்.