ஃபார்ம் பி எழுதும் முன்: விலங்கு ஆய்வு ஒப்புதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலியையோ முயலையோ வைத்து ஆய்வு செய்ய நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருந்தியல், விலங்கியல், மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். எப்போது கேட்பது என்பதில்தான் கோளாறு. தலைப்பை முடிவு செய்து, இலையைப் பறித்து உலர்த்தி, சாறு இறக்கி, எலிக்கும் சொல்லி வைத்த பிறகு ஃபார்ம் பி என்ற ஒப்புதல் விண்ணப்பம் கையில் எடுக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் குழு எதைக் கேட்டாலும் இடைஞ்சலாகத்தான் தோன்றும். எத்தனை விலங்கு, எவ்வளவு வலி, வேறு வழி உண்டா என்ற கேள்விகள் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே எழ வேண்டியவை. கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இந்த வரிசை மாறுவதால் வருபவை.

சட்டப் பின்னணி சுருக்கமாக. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 14 முதல் 20 வரையிலான பிரிவுகள் விலங்குப் பரிசோதனை பற்றியவை. அதன் கீழ் 1998இல் விதிகள் வந்தன. மேற்பார்வை செய்யும் மத்தியக் குழு முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ, இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. ஒவ்வொரு பதிவு பெற்ற நிறுவனத்திலும் அதன் கீழ் இயங்குவது ஐ.ஏ.இ.சி என்ற நிறுவன விலங்கு நெறிக்குழு. சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்லும் அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் இதை யாரும் இலேசாக எண்ண வேண்டாம். பதிவு பறிபோனால் விலங்குக் கூடமே மூடப்படும். ஒப்புதல் எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ் எதுவும் தொடாது.

இடமும் விலங்கும் எங்கிருந்து

முடித்துவிட்ட வேலைக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் கேட்பது முதல் தவறு. அப்படி ஓர் ஒப்புதல் கிடையவே கிடையாது. அடுத்தது, ஒரு கல்லூரியின் ஐ.ஏ.இ.சி எண்ணை வாங்கிக்கொண்டு வேலையை வேறோர் இடத்தில் செய்வது. பதிவு பெற்ற விலங்குக் கூடம் இல்லாத சிறு கல்லூரிகள் நம் பக்கம் நிறைய. அவர்கள் பதிவுள்ள நிறுவனத்தோடு பேசி, அங்குள்ள குழுவிடம் விண்ணப்பித்து, அங்கேயே வேலையைச் செய்ய வேண்டும். ஆய்வகத்தை ஒட்டிய ஓர் அறையில் நான்கு கூண்டு வைத்துச் சமாளிப்பது கூடாது.

முயலைச் சந்தையிலோ வளர்ப்புப் பிராணிக் கடையிலோ வாங்குவதும் கூடாது. பதிவு பெற்ற வளர்ப்பகத்தில்தான் வாங்க வேண்டும். இது வெறும் தாள் சடங்கு அன்று. சந்தை முயலின் வயது, நோய், வம்சம் எதுவும் தெரியாது. அதில் வரும் எண்களை எதோடும் ஒப்பிட முடியாது. அந்த முயல் பட்ட வலிக்குப் பயனே இல்லாமல் போகும்.

எலி, சுண்டெலி, முயல், கினிபிக் போன்றவற்றுக்கு நிறுவனக் குழுவே ஒப்புதல் தரலாம். நாய், ஆடு, மாடு, பன்றி என்றால் நிறுவனக் குழு பரிந்துரைத்து மத்தியக் குழுவுக்கு அனுப்பும். அதற்குக் காலம் பிடிக்கும். ஓசூர் மத்திகிரிப் பக்கம் பண்ணை மாடுகளிலோ போச்சம்பள்ளிப் பக்கம் ஊர் ஆடுகளிலோ ரத்தம் எடுத்து ஆராய நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'ஒரு ஊசிதானே' என்பது காரணம் ஆகாது. மருத்துவர் சிகிச்சைக்காக எடுத்த ரத்தத்தின் மிச்சத்தைக் கேட்பது ஒன்று. ஆய்வுக்காகவே நல்ல மாட்டின் கழுத்தில் ஊசி போடுவது வேறு. எது என்று முன்கூட்டியே குழுவிடம் எழுதிக் கேளுங்கள்.

'ஒரு குழுவுக்கு ஆறு எலி'

விண்ணப்பத்தில் மிகக் குறைவாக யோசிக்கப்படும் இடம் இதுதான். ஆறு குழு (ஒரே மருந்தும் அளவும் பெறும் எலிகளின் தொகுதி), குழுவுக்கு ஆறு, மொத்தம் 36 என்று முந்தைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஏன் ஆறு என்று கேட்டால் 'எல்லோரும் அப்படித்தான்' என்ற பதில் வருகிறது.

முன் தரவு எதுவும் இல்லாதபோது ஒரு தோராயக் கணக்கு உதவும். மொத்த விலங்குகளின் எண்ணிக்கையிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். விடை 10க்கும் 20க்கும் இடையில் இருந்தால் சரி. நான்கு குழு, ஆறாறு எலி என்றால் 24 கழித்தல் 4, அதாவது 20, எல்லைக்குள் நிற்கிறது. ஆறு குழு, ஆறாறு எலி என்றால் 36 கழித்தல் 6, அதாவது 30. பத்து எலிகள் கூடுதலாகச் சாகின்றன, புதிதாக எதுவும் தெரியவரப்போவதில்லை.

முன் தரவு இருந்தால் இந்தத் தோராயத்தோடு நிற்கக் கூடாது. எதிர்பார்க்கும் வித்தியாசம் எவ்வளவு, எலிக்கு எலி மாறுபாடு எவ்வளவு என்று பார்த்து, 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசம் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (உண்மையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே ஒரு திட்ட விலக்கம் (எலிக்கு எலி மாறுபாட்டின் அளவு) அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கும் என்றால், குழுவுக்கு 17 விலங்கு தேவை. அங்கே ஆறு எலி வைத்தால் உண்மையான வித்தியாசம் இருந்தாலும் பெரும்பாலும் கண்ணில் படாது. எண்ணிக்கையைக் குறைத்தாலே நெறி காத்தாயிற்று என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போதாத எண்ணிக்கையில் செய்த ஆய்வில் அத்தனை எலியும் வீண்.

இன்னொரு நுணுக்கம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. மருந்தைத் தண்ணீரில் கலந்து ஒரு கூண்டு முழுவதற்கும் கொடுத்தால், கணக்கில் வரும் அலகு கூண்டுதான். ஒரே கூண்டில் ஆறு எலி குடித்தால் அது ஆறு அன்று, ஒன்று. அளவை ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியே வாய்வழி ஊற்றினால்தான் ஆறு என்று எண்ணலாம். அப்போதும் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்ற அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 200 கிராம் எலிக்கு அது 2 மில்லி.

எலிகளைக் குழுவாகப் பிரிக்கும்போது கைக்கு அகப்பட்டதை முதல் கூண்டில் போடாதீர்கள். எளிதில் பிடிபடுவது மந்தமான எலி; அவை எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிடும். எடை வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் குலுக்கல் முறையில் பிரியுங்கள். அளப்பவருக்கு எது மருந்துக் குழு என்று தெரியாமல் இருப்பதும் அவசியம்.

நச்சுத்தன்மைச் சோதனையில் பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைத் தேடும் பழைய எல்.டி.50 முறை இன்னும் சினாப்சிஸ்களில் (ஆய்வுத் திட்டச் சுருக்கங்களில்) தலைகாட்டுகிறது. சோதனை வழிகாட்டிகளை வெளியிடும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி அந்த முறைக்கான 401ஆம் வழிகாட்டியை 2002இலேயே நீக்கிவிட்டது. அதன் இடத்தில் 423ஆம் வழிகாட்டி போன்றவை இருக்கின்றன. 423இல் ஒரு படிக்கு மூன்று விலங்குகள், வழக்கமாகப் பெண் எலிகள். கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்ற அளவுகளில் ஒன்றில் தொடங்கி, வந்த விளைவைப் பார்த்து மேலோ கீழோ போகலாம். நச்சு இல்லாத சாறு என்றால் ஆறு எலியோடு வேலை முடிந்துவிடும்.

வலியை எப்போது நிறுத்துவது

'ஆய்வு முடியும் வரை கவனிக்கப்படும்' என்ற ஒரே வரியோடு விடப்படும் கட்டம் இது. நெறிக்குழு எதிர்பார்ப்பது தெளிவான நிறுத்தக் குறி: எந்த அறிகுறி தெரிந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுப்பீர்கள், யார் எடுப்பார்? தொடக்க எடையில் 20 சதவீதம் குறைவது, முதுகு கூனி மயிர் சிலிர்த்து நிற்பது, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் செம்பழுப்புக் கறை படிவது, தண்ணீர்க் குழாய்க்கு எட்ட முடியாமல் கிடப்பது ஆகியவற்றை மதிப்பெண் தாளாகப் போட்டு நாள்தோறும் நிரப்புங்கள். பொங்கல் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தத் தாளை யார் நிரப்புவார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். எலி துன்பப்படுவது விடுமுறை பார்த்து வராது.

சர்க்கரை நோய் ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். நம் கல்லூரிகளில் மூலிகைச் சாறு என்றாலே இதுவோ வீக்கமோதான். எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட முதல் நாளில் கணையத்தின் இன்சுலின் செல்கள் உடைந்து இன்சுலின் கொட்டும். ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி எலிகள் இரவிலேயே இறந்துபோகும். அன்றிரவு குடிநீரில் 5 சதவீத குளுக்கோஸ் வைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். பிறகு நிலைமை தலைகீழாகும். எலி ஓயாமல் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும். கூண்டில் விரித்த உமியை வாரம் இருமுறை மாற்றும் வழக்கம் இங்கே போதாது. தினமும் மாற்ற வேண்டும், இரட்டைத் தண்ணீர்ப் புட்டி வேண்டும். விண்ணப்பத்தில் இவை இருந்தால், எழுதியவருக்கு அந்த எலியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியும் என்பது குழுவுக்குப் புரியும்.

வலியை அளக்கும் சூடான தட்டுச் சோதனையில் 55 டிகிரி என்றால் 15 வினாடியில் எலியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இந்த வெட்டு நேரத்தை (எலியை எடுத்தே ஆக வேண்டிய எல்லை நேரத்தை) எழுதாத விண்ணப்பம் பாதம் வெந்துபோவதற்கு வழி விட்ட விண்ணப்பம். வீக்கச் சோதனையில் ஒரு பாதத்தில் மட்டும் ஊசி போடுங்கள். இரண்டிலும் போட்டால் எலி எதில் நிற்கும்?

வலி நிவாரணி கொடுத்தால் முடிவு கெடும் என்று பொதுவாக எழுதித் தப்பிக்கக் கூடாது. அறுவைச் செயலுக்குப் பின் மெலாக்ஸிகாம் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கொடுத்தால் உங்கள் அளவீடு எதனால் மாறும் என்று குறிப்பாகக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

ரத்தம் எடுப்பதில் கணக்கு எளிது. எலியின் உடலில் கிலோவுக்குச் சுமார் 64 மில்லி ரத்தம். 250 கிராம் எலியிடம் மொத்தம் 16 மில்லி. ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்கான 1.6 மில்லிக்கு மேல் எடுக்காமல், அடுத்ததற்கு இரண்டு வாரம் விடுங்கள். வாரந்தோறும் 2 மில்லி என்று எழுதி வரும் விண்ணப்பத்தில் எலிக்குச் சோகை பிடிக்கும், மருந்தின் விளைவா சோகையின் விளைவா என்று பிரித்தறிய வழியும் இராது.

கடைசியில் உயிரைப் போக்கும் முறை. பஞ்சில் ஈதர், குளோரோஃபார்ம் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். கரியமில வாயு என்றால் பெட்டியை முன்பே நிரப்பி வைத்து எலியை உள்ளே தள்ளக் கூடாது. அடர்ந்த வாயு மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரியும். பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் திறக்க வேண்டும். 20 லிட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு 6 முதல் 14 லிட்டர். ஓட்டமானி இல்லாத சிலிண்டரில் இதைச் செய்ய முடியாது. மூச்சு நின்றதும் போதாது. இறந்ததை வேறொரு முறையால் உறுதி செய்யுங்கள். உடல்கள் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குப் போக வேண்டும்.

நம் ஊர் வெயிலும் நம் ஊர்த் தண்ணீரும்

விலங்குக் கூடத்தில் வெப்பம் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், மணிக்கு 12 முதல் 15 முறை காற்று மாற்றம் என்பது வழிகாட்டி. ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் மின்சாரம் ஒரு மணி நேரம் போனாலே அறை 29ஐத் தாண்டும். ஏ.சி. இருக்கிறது என்று எழுதினால் போதாது. மாற்று மின்சாரம் எது, இரவில் நின்றால் யாருக்குத் தெரியவரும் என்று எழுதுங்கள். உச்ச, தாழ் வெப்பத்தைக் காட்டும் மானியைத் தினமும் குறித்து வையுங்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக எலி வருவதாக இருந்தால் நடுப்பகலில் ஏற்ற வேண்டாம். வந்தபின் ஒரு வாரம் தனியே வைத்துப் பழக விட வேண்டும். வந்த மறுநாளே ஊசி போட்டால் பயணக் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

தண்ணீர் விஷயம் நம் இரு மாவட்டங்களுக்கே உரியது. இங்கே ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளூரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. கல்லூரி வளாகத்து போர்வெல் தண்ணீரை எலிக்கு வைத்துவிட்டு எலும்பு, பல், சிறுநீரகம் பற்றி ஆய்வு செய்தால், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவே பாதிக்கப்பட்டிருக்கும். தொடங்கும் முன் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். ஃபுளூரைடை நீக்கும் ஆர்.ஓ முறையில் சுத்திகரித்த நீர் வைப்பது இன்னும் நல்லது.

இதே காரணத்தால் எலிக்கு ஃபுளூரைடு கொடுத்துப் பார்க்கும் தலைப்புகளும் இங்கே அடிக்கடி வருகின்றன. அக்கறை நியாயமானது. ஆனால் ஃபுளூரைடு எலியின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. மறுபடி அதையே காட்ட எலி தேவையில்லை. கிணறுகளை அளப்பதும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களை அவர்கள் பெற்றோர் சம்மதத்தோடும் மனித ஆய்வு நெறிக்குழு ஒப்புதலோடும் பார்ப்பதும் நம் மக்களுக்கு அதிகம் பயன்படும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வகுப்பறையில்

கற்பிப்பதற்கு விலங்கு வேண்டும் என்ற வாதம் இன்று பெரும்பாலும் நிற்காது. புத்தகம், மாதிரி, படம் போதும் என்றால் கல்லூரிகளில் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்றும், கைப்பழக்கத்துக்காக மட்டும் கூடியவரை செய்யக் கூடாது என்றும் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. விலங்கியல் பாடங்களில் அறுத்துக் காட்டுவதை நிறுத்தச் சொல்லி யு.ஜி.சி 2011இல் வழிகாட்டுதலும் 2014இல் அறிவிக்கையும் தந்தது. அப்படியும் மழைக்குப் பின் ஏரிக்கரையில் தவளை பிடித்துவரச் சொல்லும் பழக்கம் முழுதாகப் போகவில்லை என்றால், அதை உடனே நிறுத்துங்கள்.

மருந்தியல் செய்முறைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் இருக்கிறது; விலங்குச் சோதனையைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். தசை சுருங்குவதை நேரில் காட்டியே தீர வேண்டும் என்றால், கறிக்கடையில் விற்பனைக்கு அறுத்த கோழியின் குடலை உடனே குளிர்ந்த டைரோடு கரைசலில் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசலில்) வாங்கி வந்து, 37 டிகிரியில் காற்று ஊட்டித் தொங்கவிடலாம். ஆய்வகத்துக்காகத் தனியே ஒரு கோழியை அறுக்கச் சொன்னால் இது மாற்று வழியே ஆகாது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்று முறைகளுக்கென்றே 2009இல் மகாத்மா காந்தி-டோரென்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் அங்கே எழுதிக் கேட்கலாம்.

குழுவின் முன்னும் பின்னும்

ஐ.ஏ.இ.சியில் அறிவியல் சாராத, சமூக அக்கறையுள்ள ஓர் உறுப்பினர் இருப்பார். அவருக்குப் புரியாத சுருக்கம் பயனற்றது. எலிக்கு என்ன நடக்கும் என்பதை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எளிய வாக்கியங்களில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடத்தில்தான் திட்டத்தில் ஓட்டை இருக்கும். மத்தியக் குழு நியமித்த உறுப்பினர் (நாமினி) இல்லாமல் கூட்டம் நடத்தி, பிறகு அவரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அந்த ஒப்புதல் செல்லாது.

ஒப்புதல் கிடைத்தபின் அளவையோ இனத்தையோ எண்ணிக்கையையோ மாற்றினால் மறுபடி குழுவிடம் போக வேண்டும். விஸ்டார் வகை எலி கிடைக்கவில்லை என்று ஸ்ப்ரேக் டாலி வகை எலி வாங்குவதும் மாற்றம்தான். எத்தனை வந்தன, எத்தனை பயன்பட்டன, எத்தனை இடையில் இறந்தன, ஏன் இறந்தன என்பது ஃபார்ம் டி பதிவேட்டில் அன்றன்றே ஏற வேண்டும். அதே எண்கள் ஆய்வேட்டிலும் வர வேண்டும். 36 வாங்கி 31க்கு மட்டும் முடிவு எழுதினால், விடுபட்ட ஐந்து எலிகளும் எந்தக் குழுவில் எந்த நாளில் எதனால் போயின என்று ஓர் அட்டவணை இணையுங்கள்.