ஊரில் படம் எடுக்குமுன்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவைப் படம் எடுப்பதை இலங்கைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. தனியுரிமை என்று வெளிப்படையாக ஓர் அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொந்தத் தேவைக்கு எடுக்கிற படத்தில் தலையிடாது. ஆனால், ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் அவருடைய அந்தரங்கத் தகவலை இணையத்தில் போடுவது 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டப்படி குற்றம்.

ஆமிக் காம்ப், சோதனைச் சாவடி பக்கம் போனைத் திருப்பவே வேண்டாம். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்காதீர்கள். 2012இல் சிலைக்கு முத்தமிட்டுப் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள், படத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தியே இருக்கிறார்கள். உலகம் பார்க்கட்டும் என்றுதான் பலர் விரும்புவார்கள். ஆனால் புலனாய்வாளர்களும் அங்கே படம் எடுப்பதாக அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மறைப்பவரை எடுக்காதீர்கள். மற்றவர்களிடமும், "அம்மா, படம் எடுக்கலாமோ? பேஸ்புக்கில போடலாமோ?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்னாள் போராளி என்று தெரிந்தால் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடவே கூடாது.

அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு, கமெராவைப் பார்த்து நன்றி சொல்ல வைக்கும் வீடியோக்கள் நிறுத்தப்படவேண்டும். உதவி வாங்க நிற்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது, அதனால் அவர் தலையாட்டுவதைச் சம்மதமாக எடுக்கவே கூடாது. அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் இருக்கவேண்டும்.

எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள், போனின் குப்பைத்தொட்டியிலும் விட்டுவைக்காதீர்கள். பிடித்திருந்தால் வட்ஸ்அப் இலக்கம் கேட்டு அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.