கேட்டர்ஹாம் செவன்: ஆர்டர் படிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வசந்தத்தில் மட்டும் மூன்று பேர் தங்கள் ஆர்டர் படிவத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். மூவருமே முதல் முறையாக கேட்டர்ஹாம் செவன் கார் வாங்குகிறவர்கள். மூன்று படிவத்திலும் கார்பன் ஃபைபர் டாஷ்போர்டுக்கு டிக் இருந்தது. சேஸிஸ் (வண்டியின் அடிக்கூடு) எது என்ற இடத்தில் மூவரும் சின்னதையே போட்டிருந்தார்கள். "உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவர்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதே டிக்குகளைத்தான் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனாகக் கொண்டுவந்த வண்டி இது. 1973இல் தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள டார்ட்ஃபோர்டில் இன்றும் செய்கிறார்கள். எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் எஞ்சின், பின்சக்கர டிரைவ். உண்மையான கதவு கிடையாது, ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. நான் வாங்கிய 270 மாடலின் எடை சுமார் 540 கிலோ. இலகுவான வண்டி என்று பெயரெடுத்த மாஸ்டா எம்எக்ஸ்-5 கூட ஒரு டன்னை ஒட்டி நிற்கும். இந்த எடைக்காகத்தான் இதை வாங்குகிறோம்.

பட்ஜெட் போடுங்கள், காப்பீட்டுக்கு முன்பே விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குதிரைத்திறனில் தொடங்குவது

எல்லாரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வாங்கிய சமயத்தில் 270 மாடலில் 135 குதிரைத்திறன், 420 மாடலில் 210. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட முதலாவதற்கு 5 நொடி, இரண்டாவதற்கு 3.8 நொடி என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. இங்கிலாந்தில் நடுத்தடுப்பு இல்லாத கிராமத்துச் சாலையில் கார்களுக்கு உச்ச வேகமே 60 மைல்தான். அந்த 1.2 நொடியைச் சாலையில் எத்தனை முறை பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 660 சிசி சுசுகி எஞ்சினும் 84 குதிரைத்திறனும் கொண்ட 170ஐ ஒரு நண்பர் வைத்திருக்கிறார். எடை 440 கிலோ, டயரோ ஒல்லி. ஈரமான சாலையில் அவருக்குப் பின்னால் போன எந்த நாளிலும் அவர் எனக்கு வழிவிட வேண்டிய நிலை வந்ததில்லை.

உட்கார்ந்து பார்க்காமல் சேஸிஸைத் தேர்ந்தெடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

செவனுக்கு இரண்டு அளவில் சேஸிஸ் உண்டு. சின்னது எஸ்3. பழைய லோட்டஸ் செவனின் மூன்றாம் வரிசை வடிவத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர். பெரியது எஸ்வி, 2000ஆம் ஆண்டில் வந்தது. அகலம் 110 மில்லிமீட்டர் கூடுதல், எடை ஏறக்குறைய 25 கிலோ கூடுதல். இவை போக, ஓட்டுநர் உட்காரும் இடத்தில் தரையைத் தாழ்த்தித் தரும் ஆப்ஷன் ஒன்றும் உண்டு. படிவத்தில் சின்ன எழுத்தில் ஒரே வரியாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடுவது ரொம்ப எளிது.

என் உயரம் ஆறடி ஓர் அங்குலம். ஷூ பத்தாம் நம்பர். "ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்" என்று விற்பனையாளர் சொல்லத்தான் செய்தார். அன்று ஷோரூமில் நின்றது எஸ்வி மட்டும். அதில் ஏறி ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், வசதியாகத்தான் இருந்தது. ஆனால் சின்னது அழகு, சின்னது இலகு, அதுதான் அசல் என்று எங்கெங்கோ படித்தது மனதில் ஊறிப்போயிருந்தது. எஸ்3 என்று டிக் போட்டேன். தாழ்த்திய தரைக்குப் போகவேண்டிய பணத்தை கார்பன் டாஷ்போர்டில் போட்டேன்.

கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கி, என் கராஜிலேயே பூட்டினேன். சீட்டைப் பொருத்திய அன்று ராத்திரி, எஞ்சின்கூட இன்னும் ஓடாத வண்டியில், ஆசையோடு ஏறினேன். செவனில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. பக்கத் தகட்டைத் தாண்டி சீட்டின்மேல் கால் வைத்து நின்று, ரோல் பாரை (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த குழாய்) பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கினேன். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பில் போய் முட்டி நின்றன. வலது முழங்கை வண்டிக்கு வெளியே. கால்பக்கம் ஒரு குழாய்க்குள் காலை விட்டதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தால் ஷூவின் ஓரம் ஆக்சிலரேட்டரிலும் உரசியது. மெல்லிய அடிப்பகுதி உள்ள கோகார்ட் ஷூ வாங்கினால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரியாகவில்லை. பதிவு முடிந்து வண்டி சாலைக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு ரவுண்டானாவை நெருங்கும்போது பிரேக்கோடு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கிவிட்டது. எஞ்சின் அலற, வண்டி நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டித்தான் நின்றது. எதிரே வண்டி எதுவும் வராததால் ஒன்றும் ஆகவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் வெகுநேரம் கை நடுங்கியது.

அதைவிடப் பெரிய சிக்கல் தலைக்குமேல் இருந்தது. முதல் டிராக் டேக்கு (பணம் கட்டி ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) போவதற்கு முந்தின நாள், அனுபவமுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னை ஹெல்மெட்டோடு உட்காரச் சொன்னார். வீட்டிலிருந்த துடைப்பக் கட்டையை எடுத்து ரோல் பாரின் உச்சியிலிருந்து வண்டியின் முன்பக்கத்துக்குச் சாய்த்து வைத்தார். கட்டை என் ஹெல்மெட்டில் உட்கார்ந்தது. வண்டி கவிழ்ந்தால் முதலில் தரையில் படப்போவது ரோல் பார் அல்ல, என் தலை. "இதில் டிராக்குக்குப் போகாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கட்டிய பணம் போனது.

அப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தேன். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டு, சீட்டை நேராகத் தரையில் போல்ட் செய்தேன். எனக்கு இரண்டு விரல்கடை இடம் கிடைத்தது. ஆனால் சீட்டை இனி நகர்த்த முடியாதே, என் மனைவிக்குக் கிளட்ச் எட்டவில்லை. வண்டியை இருவரும் ஓட்டுவது என்று பேசித்தான் வாங்கியிருந்தோம். சரி, தரையைத் தாழ்த்தலாம் என்று ஒரு பட்டறையில் கேட்டேன். தகட்டைப் பிரித்து, குழாயை வெட்டி, புதுக் குழாய் வெல்டிங் செய்து, திரும்ப வர்ணம் பூச வேண்டும் என்றார்கள். ஆர்டர் போடும்போதே கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போலப் பல மடங்கு சொன்னார்கள். கடைசியில் இரண்டு வருடத்தில் 6,000 பவுண்டுக்குமேல் நஷ்டத்தில் விற்றேன். இப்போது ஓட்டுவது பழைய எஸ்வி ஒன்று. அதன் கூடுதல் எடை எந்த வளைவிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

எஸ்வி எல்லாருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தடி ஐந்து அங்குலமுள்ள ஒருவர் என் பேச்சைக் கேட்டு எஸ்வி வாங்கி, முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்துத்தான் ஓட்டுகிறார். வளைவில் உடம்பு பக்கவாட்டில் நகர்கிறது என்று வருத்தப்பட்டார். அவருக்கு எஸ்3தான் சரி, அதில் என் தவறும் உண்டு. உங்கள் உடம்புக்கு எது என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதாது, இருபது நிமிடமாவது வேண்டும். ஓட்டப்போகும் ஷூவோடும் ஹெல்மெட்டோடும் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே சீட்டில் உட்காருங்கள். கார்பன் சீட்டில் மெத்தை மெலிதாக இருப்பதால் உட்காரும் உயரமே மாறும். மூன்று பெடலையும் தனித்தனியாக மிதித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி முழங்கால் இடிக்கிறதா என்று பாருங்கள். கூட வருபவரை ஒரு நீளக் கட்டையை வைத்து ரோல் பாருக்கும் ஹெல்மெட்டுக்கும் இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள்.

படிவத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நான் இப்போது ஒரே கேள்வியால்தான் பிரிக்கிறேன்: இதை அப்புறம் ஸ்பானரால் மாட்ட முடியுமா, முடியாதா? டாஷ்போர்டு, ஸ்டியரிங், சக்கரம், விளக்கு எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சேஸிஸ் அப்படி இல்லை.

'ஆர்' என்ற எழுத்துக்கு மயங்குவது

எஸ் பேக் சாலைக்கான ஆப்ஷன் தொகுப்பு, ஆர் பேக் டிராக்குக்கான தொகுப்பு. ஆனாலும் வருடத்தில் ஒரு நாள் டிராக்குக்குப் போகிறவர்கள் ஆர் பேக் வாங்குகிறார்கள். நான்குமுனை பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டபின் முன்னால் குனியவே முடியாது. பெட்ரோல் போட இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பழையபடி கட்ட வேண்டும். டிராக்கில் அந்த இறுக்கம் உயிர்காக்கும், அங்கே அதைக் குறைசொல்ல மாட்டேன். சாலைக்கென்று வாங்குகிறவர் எஸ் பேக்கை எடுத்து, ஆர் பட்டியலில் தேவையானதை மட்டும் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஹீட்டர் வேண்டாம் என்பது

வாங்கிவிடுங்கள்.

விண்ட்ஸ்கிரீன் இல்லாமல் ஆர்டர் செய்வது

முன்கண்ணாடிக்குப் பதில் ஏரோஸ்கிரீன் என்ற குட்டித் தடுப்பு வைத்தால் வண்டி பார்க்க மிக அழகாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் மேலே போடும் துணிக்கூரையை மாட்ட முன்கண்ணாடிச் சட்டம் வேண்டும். பக்கக் கதவுபோல மாட்டும் சைட்ஸ்கிரீனும் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகிறது. வைப்பர் மோட்டார், அதற்கான வயர், தண்ணீர் பீய்ச்சும் குழாய் எல்லாம் அதோடு சேர்ந்தவை. முதலில் கண்ணாடியோடு வாங்கினால், ஏரோஸ்கிரீனைப் பின்னால் வாங்கிக் கோடைக்கு மாற்றிக்கொள்ளலாம், சில போல்ட்தான். இல்லாமல் வாங்கிவிட்டு அப்புறம் கண்ணாடிக்குத் திரும்புவது துளை போட்டு வயர் இழுக்கும் வேலை. அதுவும் இங்கிலாந்தின் மழைக்கு, ஹெல்மெட் கண்ணாடியை ஒரு கையால் துடைத்துக்கொண்டே லாரிக்குப் பின்னால் போவது ஆபத்து.

டிஃபரென்ஷியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தருவது டிஃபரென்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது லிமிடெட் ஸ்லிப் வகை. டிராக்கில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலை முதலிலேயே கேளுங்கள். இறுக்கமான வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் பாரம் ஏறக்குறைய இருக்காது. சாதாரண டிஃபரென்ஷியலில் அந்தச் சக்கரம் வீணாகச் சுழலும், பிடிப்புள்ள மறுசக்கரத்துக்கும் அதற்குமேல் விசை போகாது. எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி முன்னேறாது. நான் இதைப் பின்னால் மாற்றியபோது வண்டியின் பின்பாதியையே பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு வார இறுதி, தோலுரிந்த விரல்கள். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது அவசியமில்லை.

உடம்பு முழுக்க வர்ணம்

மூக்குக்கும் மட்கார்டுக்கும் போதும். மீதி அலுமினியமாகவே இருக்கட்டும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு ரிவெட் ஓரங்களில் இறங்கி, வர்ணத்துக்கு அடியில் கொப்புளம் கட்டும். வெறும் தகட்டை மெருகேற்றிக்கொள்ளலாம்.

பின் மட்கார்டு கல் காப்பு

டாஷ்போர்டுக்கு முன்னால் இதற்கு டிக் போடுங்கள். முன்சக்கரம் எறிகிற கற்கள் எல்லாம் நேராக அங்கேதான் வந்து அடிக்கும்.

மூன்று பேரில் ஒருவர் என்னைவிட உயரம். படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்றார், நல்லவேளை. வரும் சனிக்கிழமை டார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எஸ்3 வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு அவரை அழைத்துப் போகிறேன். ஹெல்மெட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். துடைப்பக் கட்டை என் வண்டியிலேயே இருக்கிறது.