உடல் பருமன் உள்ளவர்களுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி: எப்படித் தொடங்குவது?

நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது என்று நடப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நெஞ்சைச் சுற்றியுள்ள கொழுப்பு விலா விரிவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் உழைப்பு. கடுமையாக உழைக்கும்போது மூச்சுத் தசைகள் களைத்தால், கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, காலும் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் மூச்சுத் தசையைத் தனியாகப் பழக்குவது நல்லது என்கிறேன்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண், நெஞ்சு, வயிறு அறுவை செய்துகொண்டவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள் அவர் அனுமதி இல்லாமல் தொடங்கவே கூடாது.

அடுத்து கருவி. உள்ளே இழுக்கும்போது எதிர்ப்புக் கொடுக்கும், அந்த எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கருவியாகப் பார்த்து வாங்குங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சை இழுத்துப் பந்தை மேலே எழுப்பச் சொல்வார்களே, மூன்று பந்துக் கருவி, அது வேறு; இதற்கு உதவாது.

எவ்வளவு எதிர்ப்பு வைப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உங்களால் அதிகபட்சம் எவ்வளவு விசையோடு இழுக்க முடிகிறது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். அதில் 30 சதவீதத்தில் தொடங்கி, பழகப் பழக 50, 60 என்று ஏற்றலாம். அளக்க வழியில்லை என்றால், 30 மூச்சு முடிக்க முடிய வேண்டும், ஆனால் கடைசி ஐந்தாறு மூச்சு சிரமமாக இருக்க வேண்டும். அந்த அளவு சரி.

இனி பயிற்சி. நிமிர்ந்து உட்காருங்கள், படுத்துக்கொண்டு வேண்டாம். மூக்கைக் கிளிப்பால் மூடி, உதடுகளால் கருவியை இறுகக் கவ்வுங்கள். காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வேகமாக, பலமாக உள்ளே இழுங்கள். தோள் தூக்கக் கூடாது. வயிறும் கீழ் விலாவும் விரிய வேண்டும். அப்புறம் அவசரமில்லாமல் வெளியே விடுங்கள். உழைப்பெல்லாம் இழுப்பதில்தான். தலை சுற்றினால் வேகமாக மூச்சு விடுகிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள். நெஞ்சு வலித்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இதயத்துக்கு என்ன பலன்? 2021இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், 50 வயது தாண்டிய 36 பேரில் ஒரு பகுதியினர் அதிக எதிர்ப்பில் தினம் 30 மூச்சு, வாரம் 6 நாள், 6 வாரம் பயிற்சி செய்தார்கள். அவர்களின் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. பருமனானவர்களுக்கென்றே நடந்த ஆய்வு இல்லை, சின்ன ஆய்வும்கூட. ஆனாலும் ஐந்து நிமிட வேலைக்கு இது பெரிய பலன். இதை நம்பி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எடை இதனால் மட்டும் குறையாது. மூச்சு வாங்குவது குறைந்தால், அந்தத் தெம்பில் கொஞ்சம் கூடுதலாக நடங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு இந்தக் கருவி மட்டும் போதாது.