‘ஹேவ்’ படுத்தும் பாடு: எங்கே போடுவது, எங்கே விடுவது

பதுளை ரயிலுக்கு ஆட்கள் முட்டிமோதிக்கொண்டு நின்ற ஒரு டிசம்பர் காலையில், நானுஓயா ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடம் வந்து, எல்ல என்ற ஊருக்குப் போக ரயில் இருக்கிறதா என்று கேட்டார். நானும் தெம்பாக “ட்ரெயின் ஹேவ், சீட் நோ ஹேவ்” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது, புரிகிறதே என்று அதற்குப் பிறகும் மூன்று வருடம் அப்படியே பேசிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு ஹோட்டல் இன்டர்வியூவில் “ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்” என்று சொல்ல, எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இந்த ‘ஹேவ்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் படிக்க உட்கார்ந்தேன்.

கோளாறு நம்முடைய ‘இருக்கு’வில் இருக்கிறது. எதற்கும் நமக்கு அது ஒன்றே போதும். ஆகவே ‘இருக்கு’வை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் என்ன உருபு வருகிறது என்று பாருங்கள். ‘எனக்கு’, ‘அவளுக்கு’, ‘என்கிட்ட’ என்று வந்தால் ஹேவ். “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்பதில் தம்பிகள்தான் எழுவாய், நான் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் அது நடக்காது, உடைமைக்காரன் முன்னுக்கு வந்தாக வேண்டும்: “ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்.” ஹேவ் என்ற சொல்லின் வேரே கையால் பற்றுவது என்பதுதான், பிடித்திருக்கிற ஆள் இல்லாமல் அது நிற்காது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் “என்கிட்ட சில்லறை இல்லை” என்கிறோமே, அது “ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்.” சிங்களம் தெரிந்தவர்களுக்கும் இதில் உதவி கிடையாது, “மட்ட சல்லி தியெனவா” (எனக்குக் காசு இருக்கு) என்பதும் நம்மைப் போல ‘எனக்கு’ என்றுதான் தொடங்குகிறது.

‘இல்’ வந்தால் கதை வேறு. “ரூமில் சுடுதண்ணி இருக்கு” என்பதை “இன் தி ரூம் ஹேவ் ஹாட் வாட்டர்” என்று சொல்லக் கூடாது, “தேர் இஸ் ஹாட் வாட்டர் இன் தி ரூம்” என்று சொல்ல வேண்டும். ரூமையே சொந்தக்காரனாக்கி “தி ரூம் ஹேஸ் ஹாட் வாட்டர்” என்றாலும் சரி, ஆனால் அப்போது ‘இன்’ போய்விட வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் வாக்கியம் கவிழும். நுவரெலியா டவுனில் ரயில் ஸ்டேஷன் இல்லை, அதனால்தான் எல்லாரும் நானுஓயாவில் இறங்குகிறார்கள். இதை “தேர் இஸ் நோ ரயில்வே ஸ்டேஷன் இன் நுவரெலியா” என்றும் சொல்லலாம், “நுவரெலியா ஹேஸ் நோ ரயில்வே ஸ்டேஷன்” என்றும் சொல்லலாம். அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, “தேர் இஸ் எ ட்ரெயின், பட் தேர் ஆர் நோ சீட்ஸ்.”

அப்புறம் அந்த ‘ஹேவிங்’. இதற்கும் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. நீங்கள் சொல்ல வருவது வெறும் ‘இருக்கு’ என்றால் ‘இங்’ வேண்டாம். “எனக்குத் தலைவலி இருக்கு” என்றால் “ஐ ஹேவ் எ ஹெடேக்”, தெமோதரப் பக்கத்துப் பாலத்துக்கு ஒன்பது வளைவு இருக்கு என்றால் “தி பிரிட்ஜ் ஹேஸ் நைன் ஆர்ச்சஸ்.” அதுவே ‘-கிட்டு இருக்கேன்’ என்று வாயில் வந்தால், அதாவது சாப்பிட்டுக்கிட்டு, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு, குளிச்சுக்கிட்டு என்று ஒரு வேலை நடந்துகொண்டிருந்தால், தாராளமாகப் போடுங்கள்: “வீ ஆர் ஹேவிங் டீ.” என் இன்டர்வியூ வாக்கியத்தை இதில் வைத்துப் பாருங்கள். அனுபவத்தைச் சாப்பிட்டுக்கொண்டா இருந்தேன்?

அவன், அவள், அது என்றால் ஹேஸ், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘டஸ்’ வந்த இடத்தில் ஹேஸ் மறுபடி ஹேவ் ஆகிவிடும்: “ஷீ டஸன்ட் ஹேவ் எ போன்.” ‘டஸன்ட் ஹேஸ்’ என்று படித்தவர்களே எழுதுகிறார்கள்.

டாக்டரிடம் தேவைப்படுவது ஒன்று: “மூன்று நாளாகக் காய்ச்சல்.” ‘ஐ ஹேவ் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பதில் இரண்டு பிழை. “ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்” என்று சொல்லுங்கள். ஹேவும் ஹேட்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதலாவது ‘இதுவரைக்கும்’ என்று காட்ட வந்த துணை, இரண்டாவதுதான் காய்ச்சல். எத்தனை நாள் என்றால் ஃபார், எந்த நாளிலிருந்து என்றால் சின்ஸ்: “சின்ஸ் மண்டே.” ஆனால் ‘நேற்று’ என்று முடிந்துபோன நேரம் வந்தால் இந்தத் துணை ஹேவுக்கு அங்கே வேலை இல்லை. தமிழில் “நேற்று வந்திருக்கிறார்” என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் “ஹீ கேம் யெஸ்டர்டே” மட்டும்தான்.

மிச்சம் ‘ஹேவ் டு’. “நான் போகணும்” என்பது “ஐ ஹேவ் டு கோ”, நேற்று போக வேண்டியதாயிற்று என்றால் “ஐ ஹேட் டு கோ.” இல்லை என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் கட்டாயமில்லை என்று அர்த்தம், கூடாது என்று அல்ல. கூடாது என்பதற்கு ‘மஸ்ட் நாட்’. நம்முடைய ‘வர வேண்டாம்’ இரண்டுக்கும் பொது என்பதால் இதில் சறுக்குவது சுலபம். ஹோட்டல் கிச்சனில் வேலை செய்யும் என் சித்தி மகனிடம் அவனுடைய செஃப் ஒரு சனிக்கிழமை “யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ” என்றிருக்கிறார். லீவு கொடுக்கிறார் என்பது புரியாமல், வேலையே போய்விட்டதென்று தம்பி உடுப்புகளை எல்லாம் பையில் திணித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். திங்கட்கிழமை காலையில் ஏன் இன்னும் வரவில்லை என்று போன் வந்தபோது, லயத்து வாசலில் சித்தியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்தான்.